வீட்டு வாயிலில் நின்ற சட்டம்

தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஆலையையும் சுரங்கத்தையும் பற்றியே பேசுவர். கூரை செப்பனிடவும், புகைபோக்கி துடைக்கவும் பிறர் வீட்டினுள் நுழைந்த தொழிலாளி அங்கே விழுந்து காலொடிந்தால் பொறுப்பு யாருடையது என்ற வினா ஓரமாகவே நின்றுவிட்டது. இவ்வினாவுக்கு இங்கிலாந்து அளித்த விடைகளை வரிசையாக நோக்குவோமாயின், சட்டம் காயத்தின் ஆழத்தை அளக்கவில்லை, காயம் நேர்ந்த இடத்தையே அளந்தது என்பது புலனாகும்.

இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் பணியாளன், அளவுக்கு மிஞ்சிப் பாரமேற்றிய வண்டி உடைந்ததால் தொடையெலும்பு முறிந்து, நட்டஈடு கோரி வழக்குத் தொடுத்தான். 1837 ஆம் ஆண்டு அபிங்கர் பிரபு அதனை நிராகரித்தார். அவர் காட்டிய காரணங்கள் நம் கவனத்துக்குரியவை. இவனுக்கு ஈடு வழங்கினால், பணிப்பெண் விரித்த ஈரப் படுக்கைக்கும், கட்டியவன் பிழையால் பழுதான அத்திவாரத்துக்கும் வீட்டு எசமானே பொறுப்பாளி ஆவான் என அஞ்சினார். சொத்துடைய வர்க்கத்தின் இல்லற அமைதியே அன்று நீதியின் அளவுகோலாயிற்று.

1866 இல் சிறு மாற்றம் நிகழ்ந்தது. சீனி சுத்திகரிக்கும் ஆலையொன்றில் வாயுக் கருவியைச் சோதிக்கச் சென்ற தொழிலாளி, தடுப்பில்லாத தளத்துவாரம் ஒன்றினூடாகக் கீழே விழுந்தான். அவன் ஆலைக்காரரின் ஆளல்லன். கருவி பொருத்தியவர் அனுப்பிய ஆள். எனினும், தொழில் காரணமாக வந்தவனை, தாம் அறிந்த அல்லது அறிந்திருக்கவேண்டிய அசாதாரண ஆபத்திலிருந்து காக்க நியாயமான கவனம் எடுக்கும் கடமை இடத்தை வைத்திருப்பவருக்கு உண்டு என நீதிமன்றம் தீர்த்தது. ஆனால் வழக்காடிக் குற்றத்தை நிரூபிக்கும் சுமை காயப்பட்டவன் தோளிலேயே கிடந்தது.

குற்றம் நிரூபிக்காமலே ஈடு பெறும் உரிமையை 1897 ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. கட்டட வேலையில் அவ்வுரிமைக்கு விதித்த எல்லை விந்தையானது: கட்டடம் 30 அடிக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும், சாரம் கட்டியோ இயந்திரம் கொண்டோ வேலை நடக்கவேண்டும், அல்லது கட்டடம் இடிக்கப்படவேண்டும். தாழ்ந்த வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தவனின் எலும்பு முறிவு சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. 1906 இல் இவ்வெல்லை நீங்கியது. வீட்டுப் பணியாளரும் பாதுகாப்புப் பெற்றனர். ஆனால், எசமானின் தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ அல்லாது, எப்போதாவது வேலைக்கு வருபவர் விலக்கப்பட்டார். 1908 இல், தனியார் வீட்டுக்கு இடையிடையே வந்து சன்னல் துடைத்தவர் இவ்விலக்கினுள் தள்ளப்பட்டார்.

இவ்விலக்கு கடல் கடந்தது. இந்தியாவின் 1923 ஆம் ஆண்டு நட்டஈட்டுச் சட்டத்திலும் அது இடம்பெற்றது. 2000 ஆம் ஆண்டுத் திருத்தமே அதனை நீக்கியது.

1957 இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம், இடத்துக்கு முறையாக வருவோர் அனைவருக்கும் பொதுவான கவனக் கடமையை விதித்தது. ஆயினும், தொழிலாளி தன் தொழிலுக்குரிய சிறப்பான ஆபத்துகளை உணர்ந்து தன்னைக் காத்துக்கொள்வான் என எதிர்பார்க்கலாம் என்றது. மான்செஸ்ரரில் கொதிகலனின் புகைவழியில் வேலைசெய்த சகோதரர் இருவர் நச்சுவாயுவால் மாண்டனர். அவர்கள் எச்சரிக்கப்பட்டிருந்தமையால் இடத்துக்காரர் பொறுப்பல்லர் என 1963 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்த்தது. தீர்ப்பின் தர்க்கத்தை நாம் மறுக்கவேண்டியதில்லை. அத்தர்க்கம் அவர்தம் குடும்பங்களின் அடுப்பை எரிக்கவில்லை என்பதே நாம் சுட்டுவது.

வீட்டுக்காரர் எல்லோரும் பிரபுக்களும் அல்லர். கடன்பட்டுக் கூரை மாற்றும் எழுதுவினைஞரிடம் வாழ்நாள் ஈட்டைக் கேட்பின், ஓர் ஏழையின் இழப்பு இன்னோர் ஏழையிடம் இடம்மாறும், அவ்வளவே. 1948 இல் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த தொழிற்காயக் காப்புறுதி, இழப்பைச் சமுதாயமே தாங்கும் வழியைக் காட்டியது. அதுவும் கூலிக்கு அமர்த்தப்பட்டவரையே சேர்த்தது. தன் கருவியைத் தானே சுமந்து வீடு வீடாகச் செல்பவனைச் சேர்க்கவில்லை. யாருக்காக உழைத்தான், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான் என்று கேளாது, உழைத்தான் என்பதை மட்டுமே கேட்கும் காப்புறுதி வேண்டும். அதுவரை சட்டம் வீட்டு வாயிலைத் தாண்டிவிட்டது என்று நாம் சொல்லமுடியாது.