எது எதன் இரட்டை? – கணிப்பொறி வட்டுகளின் கதை

ஒரு வகுப்பில் நான்கு மாணவர்கள் நிற்கின்றனர். நால்வரும் ஒரே உயரம், ஒரே உடை, முகங்களும் மூடப்பட்டுள்ளன. இவர்கள் இரண்டு இரட்டையர் இணைகள். யார் யாருக்கு இரட்டை என்று சொல்ல முடியுமா? பார்த்துச் சொல்ல முடியாது. பதிவேட்டைப் புரட்டினால்தான் தெரியும்.

வங்கிகள், மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் பெரிய கணிப்பொறிகளைப் பராமரிப்போர் இதே புதிரைச் சந்திக்கின்றனர். அவர்கள் முன் நிற்பவை மாணவர்கள் அல்ல. தகவல்களைச் சேமிக்கும் வட்டுகள். விடை தவறினால் பல ஆண்டுகளின் கணக்குகள் ஒரு நொடியில் கைவிட்டுப் போகலாம். இந்தப் புதிர் எவ்வாறு தோன்றியது என்பதைக் காண்போம்.

ஒற்றை வட்டின் காலம்

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ராமாக் என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. அதனுடன் இணைந்த சேமிப்புக் கருவியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரே அச்சில் சுழன்றன. அவை அனைத்தும் சேர்ந்து கொண்ட தகவல் 50 லட்சம் எழுத்துகளே. ஆயினும் நாடாவை முதலிலிருந்து ஓட்டித் தேடாமல், வேண்டிய இடத்தை நேரே சென்று படிக்க முடிந்தது பெரும் புரட்சியாகும்.

ஆனால் சுழலும் பொருள் எதுவும் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். வட்டின் மேற்பரப்புக்கும் படிக்கும் முனைக்கும் இடையே உள்ளது மிக மெல்லிய காற்று இடைவெளி. முனை பரப்பில் உரசினால் காந்தப் பூச்சு சிதைந்து, அங்கிருந்த எழுத்துகள் மறைந்துவிடும். வட்டு ஒன்றே ஒன்றாக இருந்தால் வேலையும் நின்றுவிடும்.

இரண்டாகப் பிறந்தவை

வேலை நிற்கவே கூடாது என்ற இடங்களில் என்ன செய்வது? 1974இல் ஜேம்ஸ் டிரெய்பிக் கலிபோர்னியாவில் டாண்டம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இருவர் முன்பின்னாக அமர்ந்து மிதிக்கும் சைக்கிளுக்கும் ஆங்கிலத்தில் இதுவே பெயர். பெயருக்கேற்ப, 1976இல் வெளிவந்த இந்நிறுவனத்தின் 'நான்ஸ்டாப்' கணிப்பொறியில் முக்கிய உறுப்புகள் எல்லாம் ஒன்றுக்கு மேற்பட்டே இருந்தன. வட்டுகளையும் இணை இணையாக அமைக்கலாம். எழுதுவது எதுவானாலும் இரண்டு வட்டுகளிலும் எழுதப்படும். ஒன்று பழுதானால் மற்றொன்று தொடரும். கண்ணாடியில் தெரியும் உருவம் போல இருப்பதால் இதற்குக் 'கண்ணாடி வட்டு முறை' என்று பெயர் வந்தது.

1980களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனமும் தன் பெரிய கணிப்பொறிகளில் இம்முறையைக் கொண்டுவந்தது. அங்கே இதற்கு 'நிழல்' என்று பெயர். அப்போது ஒரு நுட்பமான சிக்கல் எழுந்தது. இணையிலிருந்து ஒரு வட்டு காலையில் விலகி மாலையில் மீண்டும் சேருகிறது என்போம். இடையில் மற்றொன்றில் புதிய கணக்குகள் ஏறியுள்ளன. இப்போது எதிலிருந்து எதற்குப் படி எடுப்பது? திசை மாறினால் பழைய கணக்கு புதியதை அழித்துவிடும். ஆகவே ஒவ்வொரு வட்டிலும் ஒரு 'தலைமுறை எண்' எழுதி வைக்கப்பட்டது. எண்களை ஒப்பிட்டால் எது புதியது என்பது தெரிந்துவிடும். வட்டு தன் அடையாளத்தைத் தன்னுள்ளேயே சுமக்கத் தொடங்கியது.

300 மணியும் 500 ஆண்டும்

1988இல் பெர்க்லி நகரின் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் சிகாகோ மாநாட்டில் ஒரு கட்டுரை அளித்தனர். பெரிய, விலைமிக்க ஒரு வட்டுக்குப் பதிலாகச் சிறிய, மலிவான வட்டுகள் பலவற்றை ஒன்றுசேர்க்கலாம் என்பதே அவர்கள் கருத்து. இவ்வட்டுத் தொகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் ரெய்டு.

இதில் ஓர் இடர் உண்டு. ஒரு வட்டு சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று கொள்வோம். 100 வட்டுகள் இருந்தால் ஏதேனும் ஒன்று சராசரியாக 300 மணிக்கு ஒருமுறை, அதாவது இரண்டு வாரத்திற்குள், பழுதாகும்! இதற்கு மாற்றாக அவர்கள் ஐந்து வகை அமைப்புகளைக் கூறினர். முதல் வகையே கண்ணாடி வட்டு முறை. 100 வட்டுகளுக்கும் ஒவ்வோர் இரட்டை வைத்து, பழுதானதை ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டால், தகவல் இழப்பு நேரச் சராசரியாக 45 லட்சம் மணி ஆகும் என்று கணக்கிட்டனர். இது 500 ஆண்டுகளுக்கும் மேல்!

ஏட்டுக் கணக்கும் மனிதக் கையும்

இக்கணக்கில் இரண்டு அனுமானங்கள் மறைந்துள்ளன. ஒரு வட்டின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பில்லை என்பது ஒன்று. மனிதர் தவறாமல் சரியான வட்டையே மாற்றுவார் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பின்னர் சோதித்தவர்களுள் அக்கட்டுரையின் ஆசிரியர்களே இருந்தனர் என்பது சுவையான செய்தி.

2001இல் ஆரன் பிரவுன் என்பவருடன் சேர்ந்து பேட்டர்சன் ஒரு சோதனை நடத்தினார். பழுதான வட்டை மாற்றும் எளிய வேலையைப் பயிற்சி பெற்ற சிலரிடம் கொடுத்தார். பயிற்சி இருந்தும் தவறுகள் நேர்ந்தன. சில தவறுகள் தகவலையே அழித்தன. 2007இல் பியான்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டுகளின் வரலாற்றை ஆராய்ந்தனர். தயாரிப்பாளர் கணக்குப்படி ஆண்டுக்கு 100க்கு ஒன்றுகூட மாற்றப்படக் கூடாது. உண்மையில் 2 முதல் 4 வரை மாற்றப்படுவது பொதுவாக இருந்தது. பழுதுகள் ஒன்றையொன்று சாராதவை என்பதும் பொய்த்தது.

படி எடுக்கும்போது எழும் புதிர்

இரட்டை இருந்தால் போதாதா, தனியே படி எதற்கு என்று கேட்கலாம். ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரட்டையிலும் அதே நொடியில் அது அழிந்துவிடும். இரட்டை காப்பது பழுதிலிருந்து, பிழையிலிருந்து அன்று. ஆகவே வட்டுகளை அப்படியே படி எடுத்து வேறிடத்தில் வைப்பது அவசியம்.

இங்குதான் தொடக்கத்தில் கண்ட புதிர் வருகிறது. 'ரெய்டு பத்து' என்ற அமைப்பு இன்று பரவலாக உள்ளது. இது பத்தாவது வகை அன்று. ஒன்று, சுழி என்னும் இரு முறைகள் சேர்ந்த பெயர். தகவல் துண்டுகளாக்கப்பட்டு இணைகளிடையே பகிரப்படும். ஒவ்வோர் இணைக்குள்ளும் இரு படிகள் இருக்கும். நான்கு வட்டுகளில், இணைக்கு ஒன்றாக இரண்டை எடுத்தால் முழுத் தகவலும் கிடைத்துவிடும். ஆனால் நான்கில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 6. அவற்றுள் சரியானவை 4. மற்ற இரண்டிலும் பாதித் தகவல் இராது. எட்டு வட்டுகளில் நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 70. சரியானவை 16 மட்டுமே! இயங்கும் கணிப்பொறியிலிருந்து ஓர் இணையின் இரண்டு வட்டுகளையும் உருவிவிட்டால் தொகுதி முழுவதும் நின்றுவிடும்.

அருகருகே உள்ளவையே இணை என்று எண்ணுவது ஆபத்து. சில கட்டுப்பாட்டுக் கருவிகள் 1–2, 3–4 என்று இணைக்கும். வேறு சில 1–3, 2–4 என்று இணைக்கும். எனவே முதலில் கட்டுப்பாட்டுக் கருவி தரும் பட்டியலில் எது எதன் இணை என்று பார்க்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு வட்டின் மீதும் அச்சிட்டுள்ள தொடர் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வட்டின் முன்னுள்ள சிறு விளக்கை மினுக்கச் செய்து அதன் இடத்தை உறுதி செய்யும் வசதியும் பல கணிப்பொறிகளில் உண்டு.

பட்டியல் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. கணிப்பொறியை முறையாக நிறுத்தி, வட்டுகளை எழுத முடியாதபடி, படிக்க மட்டும் இணைத்து, ஒரே இடத்தில் உள்ள தகவலை ஒப்பிட்டால் இரட்டையர் ஒத்திருப்பர். வெற்றிடம் எல்லா வட்டுகளிலும் ஒன்றுபோலவே இருக்குமாதலால், எழுத்து நிறைந்த பகுதிகள் பலவற்றை ஒப்பிட வேண்டும். கட்டுப்பாட்டுக் கருவி தன் குறிப்புகளை எழுதும் பகுதி மட்டும் வட்டுக்கு வட்டு வேறுபடும். வட்டுகளைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் இட எண்ணை எழுதி ஒட்டுவது மிக எளிய, மிகச் சிறந்த காப்பு.

ராமாக் காலத்தில் தகவலை வைத்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. இரட்டை வட்டு வந்தபின் அதைக் காப்பதும் எளிதாயிற்று. ஆனால் ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் எது எதனுடையது, எது புதியது என்னும் கேள்விகளுக்கு வட்டின் தோற்றம் விடை கூறாது. தலைமுறை எண்ணும், தொடர் எண்ணும், கையால் எழுதி ஒட்டிய சிறு தாளும்தான் விடை கூறும். படியைப் போலவே அதன் பதிவேடும் காக்கப்பட வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.