டிஜிட்டல் கையொப்பம்: இணையச் சேவைகளை மெய்ப்பித்தல் (இந்தியா)

வலையமைப்பில் ஒரு சேவையகமோ மென்பொருளோ தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்வது மெய்தானா என மறுமுனை சோதித்தறிய உதவும் குறியாக்க முறை. அனுப்பும் செய்தியிலிருந்து ‘ஹாஷ்’ எனும் சுருக்கம் கணக்கிடப்பட்டு, அனுப்புநரிடம் மட்டுமே உள்ள தனித் திறவுகோலால் கையொப்பமிடப்படுகிறது. இணையான பொதுத் திறவுகோலைக் கொண்டு எவரும் அதைச் சரிபார்க்கலாம். செய்தியில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொருந்தாது. ஒப்பமிட்ட திறவுகோல் எது என்பதை இம்முறை நிறுவும். ஒப்பமிடப்பட்ட செய்தி உண்மையா என்பதை நிறுவாது.

இவ்வேறுபாட்டைத் தமிழ்நாடு வேறு வழியில் அறிந்திருந்தது. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர் அபிராமேசுவரர் கோயிலில் உள்ள வட்டப்பாறை, வழக்காளிகள் சத்தியம் செய்யும் இடமாகப் பெயர்பெற்றது. அங்கு வழங்கும் கதையில், தம்பியின் பணத்தை அபகரித்த அண்ணன் அதைக் கைத்தடிக்குள் ஒளித்து, தடியைத் தம்பியிடமே பிடிக்கக் கொடுத்துவிட்டு, பணம் தன்னிடம் இல்லை, தம்பியிடம்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்கிறான். சொல்லில் பிசகில்லை. திரும்பும் வழியில் பாம்பு தீண்டி மாண்டான் என்பர். அது தும்பூரில் நடந்ததென்று ஒரு சாரார் கூறுவர். திறவுகோல் இன்னாருடையது என்று உறுதிசொல்லும் சான்றிதழ் முறையில் பாம்புக்கு வேலையில்லை, செல்லாதவை என அறிவிக்கப்பட்ட சான்றிதழ்களின் ரத்துப் பட்டியல்தான் உண்டு.

இம்முறையின் கருத்தை 1976இல் டிஃபியும் ஹெல்மனும் வெளியிட்டனர். 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மேன் ஆகியோர் நடைமுறைக்குரிய ஆர்எஸ்ஏ முறையைத் தந்தனர். பிரிட்டனின் உளவு அமைப்பில் பணியாற்றிய கிளிஃபர்ட் காக்ஸ் 1973இலேயே இதையொத்த குறியாக்கத்தைக் கண்டிருந்தார் என்பது 1997இல்தான் வெளியானது. எனினும் அது கையொப்பத்துக்கும் பயன்படும் என்பதை அந்த அமைப்பினர் எந்த அளவு கருதினர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. திறவுகோலையும் பெயரையும் பிணைக்கும் ‘சான்றிதழ்’ எனும் யோசனை, 1978இல் எம்ஐடி மாணவர் லோரன் கோன்ஃபெல்டர் எழுதிய இளநிலை ஆய்வேட்டில் உள்ளது.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 அவ்வாண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. சான்றளிக்கும் அமைப்புகளுக்கு உரிமம் வழங்கும் கட்டுப்பாட்டாளர் அலுவலகமும் அதன்கீழ் அமைந்தது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தைச் சார்ந்த சேஃப்ஸ்கிரிப்ட் 2002இல் முதல் உரிமத்தைப் பெற்றது. 2008ஆம் ஆண்டுத் திருத்தம் ‘மின்னணுக் கையொப்பம்’ என்ற விரிந்த வகையைச் சேர்த்தது.

இந்தியச் சான்றிதழ் முறையில் நேர்ந்த பிசகுகளில் மிகுதியாகப் பதிவாகியிருப்பது 2014 ஜூலை நிகழ்வு. தன் இணையப் பெயர்களுக்குத் தான் கேட்காத சான்றிதழ்கள் புழங்குவதை ஜூலை 2 அன்று கூகுள் கண்டறிந்தது. வழங்கியது தேசியத் தகவலியல் மையம். அதன் இடைநிலைச் சான்றிதழ்களுக்கு மேலே இருந்தது இந்தியக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழ். அதை மைக்ரோசாஃப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் வைத்திருந்ததால் விண்டோஸில் இயங்கும் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போன்ற உலாவிகள் இச்சான்றிதழ்களை ஏற்கும் நிலை இருந்தது. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸ் தப்பியது. கணக்கின்படி ஒவ்வொரு கையொப்பமும் செம்மையாகப் பொருந்தியதுதான் இதில் கவனிக்கத்தக்கது. அச்சான்றிதழை வைத்திருப்பவர் இணைப்பின் நடுவே புகுந்துகொண்டால், உலாவி அவரையே கூகுள் என்று கொள்ளும்.

மறுநாளே கட்டுப்பாட்டாளர் அந்த இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். மையத்தின் வழங்கு முறைக்குள் ஊடுருவல் நிகழ்ந்தது என்றும், தவறாக வழங்கப்பட்டவை நான்கே என்றும், அவற்றில் மூன்று கூகுளுக்கும் ஒன்று யாகூவுக்கும் உரிய பெயர்களில் இருந்தன என்றும், முதலாவது ஜூன் 25இல் வழங்கப்பட்டது என்றும் விசாரணை கூறியது. அந்த நான்கில் அடங்காத வேறு சிலவும் தமக்குத் தெரியும் என்றது கூகுள். எண்ணிக்கை இன்றும் விவாதத்துக்குரியதே. அதன்பின் குரோம், இந்திய மூலச் சான்றிதழின் எல்லையை அரசு, கல்வி, ரிசர்வ் வங்கி உள்ளிட்ட ஏழு பெயர்வெளிகளுக்குள் சுருக்கியது.

இன்று ஆட்களைக் காட்டிலும் இயந்திரங்களே மிகுதியாகக் கையொப்பமிடுகின்றன. ஆதார் சரிபார்ப்புக் கோரிக்கைகளும், 2016இல் தொடங்கிய யுபிஐயில் வங்கிச் சேவையகங்கள் பரிமாறும் செய்திகளும் ஒப்பத்துடனேயே செல்கின்றன. தேநீர்க் கடையில் பத்து ரூபாய் அனுப்பினாலும் இது நடக்கிறது. 2015இல் வந்த ‘இ-சைன்’ முறையில் திறவுகோல் ஒரே ஒப்பத்துக்கென உருவாகி, உடனே அழிக்கப்படுகிறது.

இவற்றின் மக்கள் முகம் பிடிஎஃப் சான்றிதழ். இறக்கிய இ-ஆதாரைத் திறந்தால் ஒப்பத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறி தென்படுவதுண்டு; படிக்கும் மென்பொருளில் இந்திய மூலச் சான்றிதழை நம்பும்படி ஒருமுறை அமைத்தால் பச்சைக் குறியாகும். அச்சிட்ட தாளில் ஒப்பத்தின் படம் மட்டுமே மிஞ்சும், கணக்கு வராது. கேள்விக்குறியோடு அச்சான தாளை அலுவலகங்களில் நீட்டியவர்கள் பலர். தாளில் கியூஆர் குறியீடு இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

குவாண்டம் கணினிகளுக்கும் ஈடுகொடுக்கும் கையொப்பத் தரங்களை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. சேவையகச் சான்றிதழ்களின் ஆயுளை 2029க்குள் 47 நாட்களாகக் குறைக்க உலாவி நிறுவனங்களும் சான்றளிப்பாளர்களும் 2025 ஏப்ரலில் முடிவெடுத்தனர். கோப்பில் குறிப்பெழுதி, கையெழுத்து வாங்கிப் புதுப்பிக்கும் அலுவலக நடைமுறைக்கு அந்தக் கெடு போதாது.