ஆறு கூட்டாளிகளும் ஒரு கோப்பிக் கடையும்



‘ஃப்ரெண்ட்ஸ்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் நம் பிள்ளைகளின் கைபேசிகளில் இன்னும் ஓடுகிறது. மார்க்கத்துக்கு ஒவ்வாத பல விடயங்கள் அதில் இருப்பதாகப் பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. ஆனாலும், தாங்கள் பிறக்க முன்னரே தொடங்கிய ஒரு தொடர் இந்தப் பிள்ளைகளை ஏன் இழுக்கிறது என்பதையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

டேவிட் கிரேனும் மார்ட்டா கவுஃப்மனும் உருவாக்கிய இத்தொடர், 1994 செப்டம்பர் 22இல் என்பிசி தொலைக்காட்சியில் ஆரம்பமானது. 10 சீசன்கள், 236 அத்தியாயங்கள் ஓடி, 2004 மே 6இல் முடிந்தது. இறுதி அத்தியாயத்தை அமெரிக்காவில் மட்டும் 5 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். இத்தனைக்கும் கதை சிறியது. நியூயோர்க்கில் ஆறு கூட்டாளிகள், எதிரெதிரே இரண்டு வீடுகள், கீழே ஒரு கோப்பிக் கடை.

அதன் வெற்றிக்குக் காலமும் ஒரு காரணம். 1950களில் அமெரிக்கப் பெண்கள் பொதுவாக 20 வயதளவிலும் ஆண்கள் 23 வயதளவிலும் திருமணம் செய்தார்கள். 1990களின் நடுவில் அது முறையே 24, 27 என்றளவுக்கு உயர்ந்துவிட்டது. உம்மா வாப்பாவின் வீட்டை விட்டு வந்தாயிற்று, சொந்தக் குடும்பமோ இன்னும் அமையவில்லை. நகரத்தில் கழியும் அந்த இடைக்கால வருடங்களில் கூட்டாளிமாரே சொந்தபந்தம். தொடர் சொன்னது அந்த வாழ்க்கையைத்தான்.

திரைக்குப் பின்னாலும் ஓர் ஒற்றுமை இருந்தது. ஆரம்பத்தில் நடிகர்களுக்கு வெவ்வேறு சம்பளம். 1996இல் ஆறு பேரும் ஒன்றாக நின்று சம சம்பளம் கேட்டு, ஓர் அத்தியாயத்துக்கு ஆளுக்கு 75,000 டொலர் பெற்றார்கள். கூடுதலாகப் பெற்றவர்களும் தங்கள் பங்கை மட்டும் பார்க்கவில்லை. கடைசி இரண்டு சீசன்களில் அது ஆளுக்கு 10 இலட்சம் டொலரானது.

ஆனால் அந்த வீட்டுக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. பல இனத்தவர் வாழும் நியூயோர்க்கில் நடக்கும் கதையில் முக்கிய பாத்திரங்கள் ஆறும் வெள்ளையர்கள். ஒரு வருடம் முன்னதாக, 1993இல், யெவெட் லீ பௌசர் உருவாக்கிய ‘லிவிங் சிங்கிள்’ என்ற தொடர் புரூக்ளினில் வாழும் ஆறு கறுப்பின நண்பர்களின் கதையைச் சொன்னது. அதற்கு இந்தளவு புகழ் கிடைக்கவில்லை. இந்தக் குறையை கவுஃப்மனே 2022இல் ஏற்றுக்கொண்டு, தான் படித்த பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் ஆபிரிக்க அமெரிக்க ஆய்வுகளுக்கு 40 இலட்சம் டொலர் வழங்க முன்வந்தார்.

தட்டாமலே கதவைத் திறந்து உள்ளே வரும் கூட்டாளி, அவசரமில்லாமல் உட்கார்ந்து கேட்கும் ஆள்: பிள்ளைகள் அந்தத் திரையில் தேடுவது இதைத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. கைபேசியைப் பறிக்க முன்னர், அந்த ஆறு பேரில் யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று ஒரு தடவை பக்கத்தில் இருந்து கேட்டுப் பார்ப்போம். வீட்டில் கதைக்க ஆளில்லாத பிள்ளை எது என்பது அந்தப் பதிலில் தெரியவரலாம்.