வேலியும் மனைக்கோழியும்: சங்கப் பாடல்கள் காட்டும் காவல் முறை

1997ஆம் ஆண்டில் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பெற்ற சாமராஜநகர் மாவட்டம் தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதியாகும். அதன் ஒரு பகுதியான கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தமிழில் கோழி, வேலி, கூடு என வழங்குவன கன்னடத்தில் கோளி, பேலி, கூடு என வழங்குகின்றன. இறுதிச் சொல்லின் ககரம் அங்கு ஒலிப்புடையது. வகரம் பகரமாதலும், ழகரம் ளகரமாதலும் கன்னடத்தின் இயல்புகள். எனவே இவை இரு மொழிக்கும் பொதுவான பழஞ்சொற்கள் எனலாம். ஆயின் கோழியைக் காத்தது வேலியா என்பது ஆராயத்தக்கது.

வேலியும் பகையும்

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகை 139ஆம் பாடலில், மாலை வேளையில் வேலியருகே வெருகு வந்துவிட, மனையில் வாழும் பேடை தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கின்றது. புகுமிடம் அறியாது அவை ஒன்றுகூடி நிற்கின்றன. தங்கால் பொற்கொல்லனாரின் புறநானூறு 326ஆம் பாடலிலும் ஊரின் பழைய வேலியே வெருகு உலவும் இடமாகின்றது. இவ்விரு பாடல்களிலும் வேலி கோழிக்கு அரணாகவில்லை. அதன் பகைக்கே இடமளிக்கின்றது.

மனையின் உள்ளும் முழுக்காவல் இல்லை. மதுரைக் கண்ணனாரின் குறுந்தொகை 107ஆம் பாடலில் துயிலெழுப்பிய சேவலைத் தலைவி வைகின்றாள். நள்ளிரவில் வீட்டெலியைத் தேடிவரும் வெருகிற்கு அது இரையாகட்டும் என்பதே அவள் வசவு. வெருகு இல்லினுள்ளும் வரும் என்னும் பட்டறிவின்றி இவ்வசவு பிறந்திராது.

மகளிரின் காவல்

வேலி செய்யாததை மனை மகளிர் செய்தனர். மேற்கூறிய புறப்பாடலில், பருத்தி வேலை செய்யும் பெண் இரவில் எழுந்து ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் சேவலைக் கண்ட பின்னரே பேடையின் நடுக்கம் தணிகின்றது. பட்டினப்பாலையில் உலர்த்திய உணவைத் தின்னவரும் கோழியை விரட்ட மகளிர் பொற்குழையை எறிகின்றனர். இக்காட்சி பெரும்பாலும் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்திற்குச் சான்றாகவே காட்டப்படுகின்றது. ஆயினும் முற்றத்துத் தானியத்திற்கும் கோழிக்கும் இடையே தடுப்பாக இருந்தது பெண்ணின் கண்ணும் கையுமே என்பதும் இதனால் புலனாகின்றது. இதனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையில் அந்தணர் மனைகளைக் கோழியும் நாயும் அணுகா என்கின்றார். அங்குக் கோழியை விலக்கியது மனையொழுக்கம்.

பிற்காலச் சான்றுகள்

1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம் பயிரை அழிக்கும் விலங்குகளைக் கொண்டித்தொழுவில் அடைத்துத் தண்டம் பெற வழிசெய்தது. யானை, ஒட்டகம் முதலாகப் பன்றி, ஆடு வரை எண்ணும் அதன் பட்டியலில் கோழி இடம்பெறவில்லை. பகலில் திரியவிட்டு மாலையில் பஞ்சாரம் என்னும் மூங்கிற் கூடையால் கவிழ்த்து மூடுவது ஊர் வழக்கு. எனவே கோழியைக் கட்டுப்படுத்தியது இடத்தின் எல்லையன்று, பொழுதின் எல்லையே எனலாம்.

காட்டிற்கும் மனைக்கும் இடையிலும் இவ்வெல்லை நெகிழ்வானது. சாமராஜநகரின் பிளிகிரிரங்கன் மலைக்காடுகளில் சாம்பல் காட்டுக்கோழி வாழ்கின்றது. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய மரபுக்கூறு இவ்வினத்திடமிருந்து வந்ததென 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. முன்னொரு காலத்தில் இரண்டும் கலந்தமைக்கு இது சான்றாகும்.

முடிவுரை

வேளாண் வரலாற்றை வேலி, வரப்பு, சட்டம் ஆகியவற்றால் மட்டும் எழுதுவோமாயின், இரவில் விளக்கேற்றியவளும் முற்றத்தில் தானியம் காத்தவளும் அவ்வரலாற்றில் இடம்பெறார். அவர்தம் உழைப்பிற்குக் கல்வெட்டோ ஆவணமோ தேடுவது அரிது. அதனைக் குறித்து வைத்தவை இச்சங்கப் பாடல்களின் உவமைகளும் காட்சிகளுமே. அவற்றை அணியாக மட்டுமன்றி மனைத்தொழிலின் வரலாற்றுச் சான்றாகவும் கொள்ளுதல் தகும்.