பெரில்: ஒரு கல்லும் அதன் பெயரும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கருக்காக்குறிச்சி என்றோர் ஊர் உள்ளது. புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானமாக இருந்த காலத்தில், 1898ஆம் ஆண்டு, அங்கே 501 உரோமப் பொற்காசுகள் கொண்ட புதையல் வெளிப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து நாணய அறிஞர் ஜி. எஃப். ஹில் அவ்வாண்டிலேயே அவற்றை ஆராய்ந்து எழுதினார். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்களின் காசுகள் அவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசரின் தலைமீது உளியால் ஆழ வெட்டப்பட்டிருக்கிறது. காசு என்னும் மதிப்பை நீக்கி, வெறும் பொன்னாக எடைபோட்டுக் கொள்வதற்காகவே அவ்வாறு வெட்டினர் என்பது பொதுவான கருத்து. உருவம் சிதைந்த பழம்பொருள் எதைக் கண்டாலும் முஸ்லிம் படையெடுப்பைக் காரணம் காட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. இக்காசுகளோ இஸ்லாம் தோன்றுவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்டவை.

இவ்வளவு பொன் தமிழகத்திற்கு எதன் விலையாக வந்தது? மிளகு, முத்து, மெல்லிய துகில் என்று நூல்கள் அடுக்கிச் செல்லும். அவ்வரிசையின் கடைசியில் பெயரளவில் சொல்லப்படும் ஒரு பொருளைப் பற்றியே இங்கு நாம் பேச விரும்புகிறோம். அது பெரில் என்னும் மணிக்கல்.

வெஸ்பாசியன் இறந்த அதே கி.பி. 79ஆம் ஆண்டில்தான் உரோம அறிஞர் பிளினியும் மறைந்தார். அவர் தம் 'இயற்கை வரலாறு' நூலின் 37ஆம் பகுதியில், பெரில் இந்தியாவில் கிடைக்கிறது, பிற நாடுகளில் அரிதாகவே காணப்படுகிறது என்கிறார். கடல்நீரின் பசுமையை ஒத்த கல்லே உயர்ந்தது என்றும், இந்தியர் பளிங்குக்குச் சாயமேற்றிப் போலிக் கற்கள் செய்கின்றனர் என்றும் எழுதுகிறார். புகழும் புகாரும் ஒருங்கே வந்து சேர்ந்தன போலும்!

பெரில், பெரிலியமும் அலுமினியமும் சேர்ந்த ஒரு சிலிகேட். குடுமியான்மலை, நார்த்தாமலைக் குன்றுகளின் பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பாரும் சிலிகேட் வகையைச் சேர்ந்ததே. ஆயினும் ஃபெல்ட்ஸ்பார் எங்கும் மலிந்து கிடக்க, பெரில் அரிதாவதற்குக் காரணம் உண்டு. பூமியின் ஆழத்தில் பாறைக் குழம்பு ஆறிப் படிகமாகும்போது, பெரிலிய அணு மிகச் சிறியதாதலால் வழக்கமான படிகங்களுக்குள் இடம்பெறாமல் எஞ்சிய குழம்பிலேயே தங்கிவிடுகிறது. இறுதி எச்சம் பாறைப் பிளவுகளில் புகுந்து உறையும்போதுதான் பெரில் உருவாகிறது. சிலிக்கன் தொகுதிகள் ஆறாறாக வளையமிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால் படிகம் ஆறு பட்டைத் தூணாக வளர்கிறது. தூய பெரிலுக்கு நிறமில்லை. இரும்பு சிறிது கலந்தால் கடல்நிறம். குரோமியமோ வனேடியமோ கலந்தால் அதுவே மரகதம்.

தமிழகத்தில் இதற்குப் புகழ்பெற்ற இடம் காங்கேயத்திற்கு அருகிலுள்ள படியூர். 1819, 1820ஆம் ஆண்டுகளில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அச்சுரங்கத்தை நடத்தி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களை எடுத்தார். அங்கிருந்து சற்றுத் தொலைவில், நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே மணிக்கற்கள் அறுத்து மெருகிடப்பட்டதை மெய்ப்பித்தன. கருக்காக்குறிச்சிப் பொன் பெரிலுக்காகவே வந்தது என நாம் கூறவில்லை. அதைப் பெற்றுத் தந்த வணிகத்தில் அக்கல்லுக்குப் பங்குண்டு என்பதே நம் கருத்து.

கல்லோடு பெயரும் கப்பலேறியது. கிரேக்கத்தின் 'பெரில்லோஸ்' பிராகிருதத்தின் 'வேளுரிய' என்பதிலிருந்து வந்தது என்றும், அச்சொல் தென்னாட்டு ஊர்ப்பெயர் ஒன்றிலிருந்து தோன்றியிருக்கலாம் என்றும் மொழியறிஞர் கருதுவர். அரபு மொழியின் 'பல்லூர்' இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மூக்குக் கண்ணாடியைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல் 'பிரில்ல' என்பதும் அப்படியே. ஆனால் அரபு மொழியில் பல்லூர் பெரிலைக் குறிக்கவில்லை, பளிங்கைக் குறித்தது. வெனிஸ் நகரின் புனித மார்க் ஆலயத்தில் உள்ள, ஃபாத்திமி கலீஃபா அல்அஸீஸ் (975-996) பெயர் பொறித்த புகழ்மிக்க கூஜா பல்லூரால் ஆனது என்றால், பளிங்கால் ஆனது என்றே பொருள்.

பெயர் இடம்மாறியதில் வியப்பில்லை. பளிங்கும் ஆறு பட்டையாக வளர்வது, நிறமற்றது. அதன் ஒப்படர்த்தி 2.65; பெரிலுக்கு ஏறத்தாழ 2.7. கையில் ஏந்திப் பார்ப்பவர் இவ்விரண்டையும் எடையால் பிரித்தறிய இயலாது.

கையை நம்பாத ஒருவர் கஸ்னியில் இருந்தார். அபூ ரைஹான் அல்பீரூனி (பிறப்பு 973), சுல்தான் மவ்தூதுக்குக் காணிக்கையாக்கிய 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் மணிநூலை எழுதியவர். குறுகிய கழுத்தும் வளைந்த குழாயும் கொண்ட கூம்புப் பாத்திரத்தில் நீர் நிரப்பி, கல்லை உள்ளிட்டு, வழிந்த நீரை நிறுத்து அவர் ஒப்படர்த்தி கண்டார். மணிக்கற்களுக்கு நீலக்கல்லை நூறு என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டார். இவ்வளவீடுகளை 1121இல் அல்காஸினி தம் 'மீஸானுல் ஹிக்மா'வில் எடுத்தாண்டார்.

மரகதத்தைக் கண்ட பாம்பின் கண் குருடாகும் என்று அக்காலத்தில் பலரும் எழுதினர். பீரூனி பாம்பின் கழுத்தில் மரகத மாலை அணிவித்தும், அதன் முன்னே மரகதத்தைத் தொங்கவிட்டும், வெயிலிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் சோதித்தார். பாம்புக்கு ஒன்றும் நேரவில்லை. 'நூலில் உள்ளது' என்பதே முடிந்த முடிபாகக் கொள்ளப்பட்ட காலத்தில் இதற்கு வேண்டியிருந்த துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

மரகதமும் பெரிலும் ஓரினம் என்ற ஐயத்தைப் பிளினியே எழுப்பியிருந்தார். 1798இல் பிரெஞ்சு வேதியியலார் வோக்லின் இரண்டையும் பகுத்து, இரண்டிலும் அதுவரை அறியப்படாத ஒரே தனிமம் இருப்பதைக் கண்டபோது அது உறுதியாயிற்று. அத்தனிமம் இன்று பெரிலியம் என அழைக்கப்படுகிறது. தென்னாட்டுச் சொல்லின் எதிரொலி வேதியியல் அட்டவணையில் நிலைபெற்றுவிட்டது.

நம்மிடையே அதன் உறவுச்சொல் 'வைடூரியம்'. பழைய வழக்கில் அது பெரிலைக் குறித்தது என்பர் பலர். ஆனால் இன்று கீழக்கரை, காயல்பட்டினத்து மணிவணிகரிடம் வைடூரியம் கேட்டால், பூனைக்கண்போல் ஒளிக்கோடு அசையும் கிரைசோபெரிலைத்தான் எடுத்து வைப்பர். அதிலும் பெரிலியம் உண்டு. ஆனால் சிலிக்கன் இல்லை, எனவே அது சிலிகேட் அன்று. அதன் ஒப்படர்த்தி 3.7. பீரூனியின் பாத்திரத்தில் இட்டால், ஒரே எடையுள்ள பெரில் வெளியேற்றும் நீரில் முக்கால் பங்குக்கும் குறைவாகவே அது வெளியேற்றும்.