முள்வேலிக்குள் வைத்த ஊர்கள்

1962 மார்ச்சில் தலைநகர் சைகோனுக்கு வடக்கே, பென் காட் பகுதிக் கிராமங்களுக்குள் தென் வியட்நாம் ராணுவம் நுழைந்தது. ஊரையே பெயர்த்து எடுப்பது அதன் வேலை. பெரும்பாலான குடும்பங்கள் வலுக்கட்டாயமாகக் கிளப்பப்பட்டன. திரும்பி வந்துவிடக் கூடாதென்று பழைய வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். முன்னோரின் கல்லறைகளையும் வயலையும் விட்டு வந்தவர்கள், புதிய குடியிருப்பைச் சுற்றிக் கூலியில்லாமல் அகழி வெட்டி முள்கம்பி கட்டினார்கள். ‘வியூகக் கிராமங்கள்’ திட்டம் இப்படித்தான் தொடங்கியது.

கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அரிசியும் ஆளும் தரும் ஊரைப் பிரித்துவிட்டால் கிளர்ச்சி ஓய்ந்துவிடும் என்பது கணக்கு. பணம் அமெரிக்காவுடையது. முன்மாதிரி மலாயா. அங்கே 1950-க்குப் பிறகு பிரிட்டிஷார் சுமார் 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் குடியேற்றியிருந்தார்கள். அந்த அனுபவத்தோடு ராபர்ட் தாம்சன் சைகோனுக்கு ஆலோசகராக வந்தார். ஆனால் மலாயாவில் குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் பட்டா இல்லாமல் காட்டோரம் பயிரிட்டுவந்த சீனர்கள். போலீஸ், வருவாய், நீதிமன்றம் எல்லாமே பிரிட்டிஷார் கையில் இருந்தன. வியட்நாமில் அமெரிக்கா எதைச் செய்ய நினைத்தாலும் அதிபர் நோ தின் தியெம் வழியாகத்தான் செய்ய முடியும்.

அந்தத் தியெம் அரசைக் கிராமம் எப்படி அறிந்திருந்தது? பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிரான போரின்போதே, மீகாங் டெல்டாவில் பண்ணையார்கள் விட்டு ஓடிய நிலத்தை வியட்மின் இயக்கம் குத்தகைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தது. 1954-க்குப் பின் பண்ணையார்கள் திரும்பினார்கள். கூடவே குத்தகையும் திரும்பியது. 1956-இல் தியெம் கொண்டுவந்த நிலச் சீர்திருத்தம் ஒரு பண்ணையார் 100 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 250 ஏக்கர், வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. அதே ஆண்டு ஊர்ச் சபைத் தேர்தல்களையும் ஒழித்து, நிர்வாகிகளை மேலிருந்து நியமித்தார். தன்னுடையது என்று உழுத வயலுக்கு மறுபடி குத்தகை அளக்கச் சொன்ன அரசை அந்த விவசாயி எதற்காகக் காப்பாற்ற வேண்டும்?

1962 செப்டம்பருக்குள் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலிக்குள் வந்துவிட்டதாகச் சைகோன் அறிவித்தது. வாஷிங்டன் அந்தக் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திட்டத்தை அவசரமாக விரிவாக்கத் தூண்டியவர்களில் ஒருவரான கர்னல் ஃபாம் நோக் தாவ், கம்யூனிஸ்டுகளின் உளவாளி. 1963 நவம்பரில் தியெம் கொல்லப்பட்டதும் திட்டம் சரிந்தது. பல இடங்களில் மக்களே வேலியைப் பிரித்துப்போட்டுப் பழைய ஊருக்கு நடந்தார்கள்.

சைகோன் தள்ளாடத் தள்ளாட, அதன் வேலையை அமெரிக்கர்களே செய்தார்கள். அவர்கள் செய்யச் செய்ய, அது அந்நியரின் அரசாகவே மக்களுக்குப் பட்டது. சீர்திருத்தம் செய்யாவிட்டால் வெளியேறுவோம் என்ற மிரட்டலும் பலிக்கவில்லை. அவர்கள் வெளியேற மாட்டார்கள் என்பது சைகோனுக்குத் தெரியும். 1969-இல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் சுமார் 5,43,000 பேர்.

உழுபவனுக்கே நிலம் என்ற சட்டத்தில் அதிபர் தியூ கையெழுத்திட்டது 1970 மார்ச் 26 அன்று. அமெரிக்கப் படைகள் ஊர் திரும்பத் தொடங்கி அதற்குள் எட்டு மாதம் ஆகியிருந்தது. 1956-இலேயே வந்திருக்க வேண்டிய சட்டம் அது.