சோழிகள்

சோழி என்பது சங்கு, நத்தை ஆகியவற்றோடு சேர்ந்த வயிற்றுக்காலிகளில் சைப்ரேயிடே குடும்பத்து உயிரி. பலகறை என்றும் பெயர். வெப்பக் கடல்களில் 200க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மன்னார் வளைகுடாவிலும் காணப்படுகின்றன. பெரும்பாலானவை விரல் நீளத்துக்குள் அடங்கும்.

ஓட்டின் பளபளப்புதான் இக்குடும்பத்தின் வியப்பு. ஊரும்போது உடலின் மென்போர்வை இருபுறமும் மேலெழுந்து ஓட்டை முழுவதும் மூடுகிறது. அது புதிய பூச்சைச் சுரந்துகொண்டே இருப்பதால் ஓட்டில் பாசியோ கொட்டலசோ எளிதில் ஒட்டுவதில்லை. தொட்டால் போர்வை சட்டென உள்ளிழுக்கப்படும். இளம் சோழியின் ஓடு மெல்லியது, நத்தை ஓடுபோல் சுருண்டது. முதிர்ந்ததும் உதடு உள்மடிந்து, பல் வரிசை கொண்ட குறுகிய பிளவாகிறது. அதன்பின் ஓடு தடிக்குமே தவிர நீளாது.

பகலில் பவளக் கற்களின் அடியிலும் பாறை இடுக்கிலும் ஒளிந்து, இரவில் பாசியையும் கடற்பஞ்சையும் மேயும். தாய்ச் சோழி முட்டைத் திரளின்மேல் அமர்ந்து காக்கும். பெரும்பாலான இனங்களில் குஞ்சுகள் மிதவை உயிரிகளாக அலைந்த பிறகே கடல்தரையில் தங்கும்.

மாலத்தீவின் பணச்சோழி வங்காளத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நாணயமாகப் புழங்கியது. தமிழர் வீடுகளில் இச்சிறு ஓடுகளைக் கொண்டும் தாயம் உருட்டுவதுண்டு.